எங்கே வைத்துக் கேட்பது?



இந்த உரைத்தொடரில் என் முறை வரும்போது வருமானவரிப் படிவம், ஓய்வூதியம், வீட்டுக்கடன் வட்டி என்று காசு விடயங்களைப் பேசுவதே வழக்கம். கணக்காளரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்று நீங்களும் பொறுமையாகக் கேட்டு வந்திருக்கிறீர்கள். இந்த மாதம் பாதை மாறியதற்கு என் மகன்தான் காரணம். தை மாத முடிவில் வரிப் படிவங்களை எல்லாம் அனுப்பி முடித்த களைப்போடு ஒரு சனிக்கிழமை காலை கலையகத்துக்கு வந்துகொண்டிருந்தேன். காரை ஓட்டிவந்த மகன், சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டான்.

"அம்மா, ஜூனில நாங்கள் இத்தாலிக்குப் போறம். எங்க வைச்சு புறொபோஸ் பண்ணினால் நல்லாயிருக்கும்? வெரோனா சரிவருமோ?"

"அவளின்ரை அம்மா அப்பாவோடை கதைச்சாச்சோ?" என்று என் வாய் என்னைக் கேளாமலே கேட்டுவிட்டது.

அவன் சிரித்தான். "முதல்ல அவளிட்டையெல்லோ கேட்கவேணும் அம்மா."

நியாயமான பதில். ஆனாலும் அந்தச் சொல் அன்று முழுவதும் என்னை விடவில்லை. எங்கள் ஊரில் புறொபோசல் என்றால் தரகர் கொண்டுவருவது. "லண்டன் பெடியன் ஒண்டின்ரை புறொபோசல் வந்திருக்கு" என்றால் ஒரு சாதகக் குறிப்பு, ஒரு படம், ஒரு சீதன விபரம் வந்திருக்கிறது என்று பொருள். பெடியனும் பெட்டையும் அந்தக் கோவையின் கடைசிப் பக்கத்தில்தான் வருவார்கள். இந்த நாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கோ அதே சொல், முழங்காலில் நின்று மோதிரப் பெட்டியைத் திறப்பது. ஒரே சொல்லை ஒரே வீட்டில் இரண்டு பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

நான் வணிகமாணி படித்தவள். ஒரு தொகையைக் காட்டினால் அதற்கு மூல ஆவணம் எங்கே என்று தேடுகிற புத்தி. வெளிநாட்டுக்குப் பயணம் போய், பெயர்பெற்ற ஓர் அழகான இடத்தில் வைத்துக் கலியாணம் கேட்பது என்ற இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, அந்த இடங்களுக்கு அந்தப் பெயரை யார் கொடுத்தார்கள் என்று இரவுகளில் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்ததில் எங்கள் வீடுகளுக்கு உதவக்கூடியதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நாங்கள் வாழ்கிற நாட்டின் அரச குடும்பத்திலிருந்தே தொடங்கலாம். 1839 ஐப்பசியில், அதாவது ஒக்ரோபர் 10ஆம் திகதி, யேர்மன் சிற்றரசு ஒன்றின் இளவரசர் அல்பேர்ட் தன் தமையனோடு வின்ட்சர் மாளிகைக்கு வந்து இறங்கினார். ஐந்து நாள் கழித்து, 15ஆம் திகதி, விக்ரோறியா மகாராணி அவரைத் தன் அறைக்கு அழைத்துத் திருமணம் செய்ய விருப்பமா என்று கேட்டார். இருவருக்கும் 20 வயது. முடிசூடிய அரசியிடம் ஓர் ஆண் போய்க் கேட்பது முறையல்ல என்பதால் பெண்ணே கேட்கவேண்டியிருந்தது. அல்பேர்ட்டின் தகப்பன் விக்ரோறியாவுக்குத் தாய்மாமன். எங்கள் முறையில் சொன்னால் மச்சானும் மச்சாளும். இவர்களைச் சேர்த்துவைக்க வருடக்கணக்காக முயன்றவர் பெல்ஜிய அரசர் லெயோபோல்ட். அவர் பெண்ணுக்கு இன்னொரு தாய்மாமன், மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. இதை வாசித்தபோது எனக்கு வின்ட்சர் மறைந்து எங்கள் ஊர்த் திண்ணை தெரிந்தது.

அந்தக் கலியாணம் நல்ல கலியாணமாக அமைந்தது. அல்பேர்ட் 1861 டிசம்பரில் இறக்கும்வரை அவர்கள் ஒருவரையொருவர் நேசித்தார்கள் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த அறையில், அரசி கேட்ட அந்தக் கேள்விக்கு, மாமன்மார் அனுப்பிவைத்த ஒரு 20 வயதுப் பெடியன் "இல்லை" என்று சொல்லியிருக்க முடியுமா? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் வைத்திருங்கள்.

அடுத்த தலைமுறைக் கதை இன்னும் சுவையானது. மூத்த மகன் எட்வேர்ட், பிற்காலத்தில் ஏழாம் எட்வேர்ட் அரசரானவர், அயர்லாந்தில் படைப்பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு நடிகையோடு தொடர்பாகிவிட்டார். பெடியனைக் கெதியாகக் கட்டிவைக்கவேண்டும் என்று வீட்டில் பரபரப்பு. யேர்மனியில் வாழ்க்கைப்பட்டிருந்த மூத்த சகோதரி பெண் தேடும் பொறுப்பை முன்னரே எடுத்திருந்தார். டென்மார்க்கின் அலெக்சாண்ட்ரா. வசதி குறைந்த குடும்பம், பெண்பிள்ளைகள் தங்கள் உடுப்பைத் தாங்களே தைத்துக்கொண்டவர்கள். 1861 செப்டெம்பரில் யேர்மனியின் ஸ்பேயர் நகரத்துத் தேவாலயத்தில், தற்செயலாகச் சந்திப்பதுபோல் இருவரையும் சந்திக்கவைத்தார் அக்கா. நல்லூர் வீதியில் வைத்துப் பெண் பார்த்த எங்கள் பெரியவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதற்குள் தகப்பன் காலமாகிவிட்டார். 1862 செப்டெம்பர் 3ஆம் திகதி, கறுப்பு உடையோடு விக்ரோறியா பெல்ஜியத்தின் லாக்கன் மாளிகைக்குப் போய்ப் பெண்ணைப் பார்த்தார். மாளிகை அதே லெயோபோல்ட் மாமாவினுடையது. பெண்ணைப் பிடித்துப்போயிற்று. அரசி யேர்மனிக்குப் போய்விட, 9ஆம் திகதி அதே மாளிகைத் தோட்டத்தில் வைத்து எட்வேர்ட் அலெக்சாண்ட்ராவிடம் கேட்டார். அவருக்கு 20, அவளுக்கு 17. வெளிநாடு, அழகான தோட்டம், இளவரசர், கேள்வி என்று இன்றைய பயண நிறுவனங்கள் விற்கிற அத்தனையும் அங்கே இருந்தன. ஆனால் அந்தத் தோட்டத்துக்குள் அவர்கள் நடந்துபோகுமுன்னரே கணக்கு முடிந்து கையெழுத்தாகிவிட்டது. கேள்வி வெறும் சடங்கு. அந்த நவம்பரில் பெண் மாமியாரோடு தங்கிப் பழக வரவழைக்கப்பட்டாள். மாப்பிள்ளையை அந்த நாட்களில் மத்தியதரைக் கடலுக்குக் கப்பலில் அனுப்பிவிட்டார்கள். மாமியார் வீட்டுப் பரீட்சையை டென்மார்க் இளவரசியும் எழுதியிருக்கிறாள் என்பதைக் கேட்டு உங்களில் சிலர் ஆறுதல் அடையலாம்.

இனி மகன் கேட்ட வெரோனாவுக்கு வருகிறேன். நானும் கணவரும் 2016இல் அங்கே போயிருந்தோம். கப்பெல்லோ வீதியில் 23ஆம் இலக்கம். ஒரு வளைவுக்குள்ளால் நுழைந்தால் சிறிய முற்றம், மேலே ஒரு கல் மாடம், கீழே வெண்கலத்தில் ஒரு பெண். ஜூலியற்றின் வீடு. முற்றத்தில் கால்வைக்க இடமில்லை.

"உதுக்கோ இவ்வளவு சனம்?" என்றார் கணவர்.

அவர் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. ரோமியோவும் ஜூலியற்றும் கதாபாத்திரங்கள். இதேபோன்ற ஒரு கதையை 1476இல் மசூச்சோ என்ற இத்தாலியர் அச்சில் கொண்டுவந்தபோது அது நடந்த ஊர் சியெனா. 1530ஐ ஒட்டி லூயிஜி தா போர்ட்டோ என்பவர் அதை வெரோனாவுக்கு மாற்றி, பெயர்களையும் இன்று நாம் அறிந்த பெயர்களாக்கினார். இவர் போரில் படுகாயமடைந்து படைவாழ்வை விட்ட ஒரு வீரர். பிறகு பண்டெல்லோ, பிறகு ஆங்கிலத்தில் ஆர்தர் புரூக், அதன்பிறகுதான் ஷேக்ஸ்பியர். ஷேக்ஸ்பியருடைய நாடகத்தில் ஜூலியற் நிற்பது யன்னலில். மாடம் என்ற அந்த ஆங்கிலச் சொல் அவருடைய எழுத்தில் எங்குமே இல்லை. அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1618இல்தான் அது ஆங்கிலத்தில் காணப்படுகிறது. 1679இல் தோமஸ் ஒட்வே என்ற நாடகாசிரியர் இந்தக் காதலர்களை ரோமாபுரிக்குக் கொண்டுபோய் வேறு பெயரில் ஒரு நாடகம் எழுதினார். அவர்தான் பெண்ணை மாடத்தில் ஏற்றினார். ஒட்வேயின் நாடகத்தை உலகம் மறந்துவிட்டது, மாடத்தை மட்டும் ஷேக்ஸ்பியரின் கணக்கில் வரவு வைத்துவிட்டது.

அந்த வீட்டுக்கு வருவோம். அது பழைய வீடு என்பது உண்மை. தல் கப்பெல்லோ என்ற குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்தது. கப்பெல்லோ என்றால் தொப்பி. வளைவின் கல்லில் தொப்பிச் சின்னத்தை இன்றும் பார்க்கலாம். கப்பெல்லோ, கபுலெற் என்ற ஒலி ஒற்றுமை போதுமாயிருந்தது. 1840களில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் போய்ப் பார்த்தபோது அது ஒரு வறிய சத்திரம், முற்றத்தில் வண்டிகளும் வாத்துக்களும் நின்றதாக எழுதுகிறார். அதன்பின் நகரசபை அதை வாங்கியது. 1936இல் ஹொலிவூட்டில் ஜோர்ஜ் கியூக்கர் எடுத்த ரோமியோ ஜூலியற் படம் ஓடியது. ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் வெரோனா அருங்காட்சியகங்களின் பொறுப்பாளர் அன்ரோனியோ அவெனா வீட்டைத் திருத்தத் தொடங்கினார். யன்னல்களைக் கூராக்கி, வாசலை மாற்றி, நகரத்தில் கிடந்த பழைய கல்லுகளைச் சேர்த்து ஒரு மாடத்தையும் பொருத்தினார். கல் பழையது, மாடம் புதியது. படம் பார்த்துவிட்டு வருகிறவன் எதை எதிர்பார்ப்பான் என்று அவெனாவுக்குத் தெரிந்திருந்தது.

இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனமில்லை. கணக்கியலில் நன்மதிப்பு என்று ஒரு சொத்து இருக்கிறது. கட்டடமும் அல்ல, சரக்கும் அல்ல, ஆனால் ஒரு கடையை விற்கும்போது அந்தப் பெயருக்காகவே ஒருவர் கூடுதலாகக் கொடுக்கிற காசு. வெரோனா வைத்திருப்பது நன்மதிப்பு. அதைச் சம்பாதிக்கத் தாங்களும் உழைத்தார்கள். ஜூலியற்றின் கல்லறை என்று காட்டப்படுகிற, உள்ளே எதுவும் இல்லாத ஒரு கல்தொட்டி அங்கே இருக்கிறது. பயணிகள் அதைக் கொத்திக் கொத்தி எடுத்துப் போனார்கள். கவிஞர் பைரன் தன் மகளுக்கென்று 1816இல் சில துண்டுகள் கொண்டுபோனார். நெப்போலியனின் இரண்டாம் மனைவி அந்தக் கல்லில் நகை செய்து போட்டார். 1930களில் அந்தக் கல்லறையின் காவலாளியாக இருந்த எத்தோரே சொலிமானி என்பவர், ஜூலியற்றுக்கு வந்த கடிதங்களுக்குத் தன்பாட்டில் பதில் எழுதத் தொடங்கினார். பிறகு 1970களில் ஜூலியற் மன்றம் என்று ஒன்று உருவாகி, தொண்டர்கள் பல மொழிகளில் கைப்பட எழுதுகிறார்கள். 'ஜூலியற், வெரோனா' என்று மட்டும் முகவரி எழுதினால் போதும், கடிதம் போய்ச்சேரும். முன்பின் தெரியாத ஒருவரின் கவலைக்கு இரவில் இருந்து பதில் எழுதுகிற அந்தத் தொண்டர்களை நினைத்தபோது, நள்ளிரவில் எங்கள் கலையகத்துக்கு வருகிற தொலைபேசி அழைப்புகள் எனக்கு ஞாபகம் வந்தன. அந்தக் கணக்கில் ஒரு சதமும் பொய் இல்லை.

ஆனால் மகனுக்கு நான் வெரோனாவின் அந்த முற்றம் வேண்டாம் என்று சொன்னதற்கு வேறு காரணம். நாங்கள் நின்ற அந்த அரை மணி நேரத்தில் ஒரு பெடியன் முழங்காலில் நின்றான். எந்த நாட்டவர்களோ தெரியாது. சனம் விலகி வட்டம் போட்டது, ஐம்பது கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. அந்தப் பெட்டை முதலில் அவனைப் பார்க்கவில்லை, சனத்தைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். சந்தோசமாகத்தான் இருந்திருப்பாள். ஆனால் சந்தோசம் இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த இடத்தில் தலையாட்டுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருந்ததா? வின்ட்சர் அறையில் நின்ற அல்பேர்ட்டுக்கு மாமன்மார் இருந்தார்கள். இவளுக்கு முன்பின் தெரியாத ஐம்பது பேர்.

பரிசின் கதையையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. லூவர் அருங்காட்சியகத்துக்கு எதிரே சேன் நதியைக் கடக்கிற கலைப்பாலத்தில், 2008 அளவிலிருந்து காதலர்கள் தங்கள் பெயர் எழுதிய பூட்டைப் பூட்டித் திறப்பை ஆற்றில் எறியத் தொடங்கினார்கள். இதற்கு முன்னோடி ரோமிலுள்ள மில்வியோ பாலம். 2006இல் வந்த ஒரு இத்தாலிய நாவலில் பெதரிக்கோ மொச்சியா என்ற எழுத்தாளர் கற்பனையாக எழுதியதை வாசகர்கள் நிசமாகச் செய்தார்கள். பரிசில் பூட்டுப் பெருகி, 2014 ஜூனில் பாலத்தின் கைபிடிக் கம்பிவேலியில் ஒரு பகுதி பாரம் தாங்காமல் விழுந்தது. 2015 ஜூனில் நகரசபை கழற்றத் தொடங்கியது. ஏறக்குறைய 10 இலட்சம் பூட்டு, 45 தொன். பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. 2017 மே மாதத்தில் அந்தப் பூட்டுக்களில் ஒரு பகுதியை ஏலத்தில் விற்று, கிடைத்த சுமார் 250,000 யூரோவை அகதிகளுக்கு உதவும் அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். லா சப்பல் வீதியில் சாமான் வாங்கப் போகிற எங்கள் சனம் அந்தப் பாலத்தடியில் நின்று படம் எடுத்திருக்கும். காதலர்கள் ஆற்றோடு போகட்டும் என்று பூட்டிய இரும்பு ஓர் அகதிக்குப் படுக்கையாகும் என்று எந்த நாவலாசிரியரும் எழுதியிருக்கமாட்டார்.

அரச குடும்பத்தில் இன்னும் ஒருவர் மிச்சம். 2010 ஒக்ரோபரில் இளவரசர் வில்லியம் கென்யாவுக்குப் பயணம் போன இடத்தில் கேற்றிடம் கேட்டார். கென்ய மலைச்சாரலில் ருத்துண்டு என்ற ஏரி, கரையில் மரக்குற்றிகளால் கட்டிய குடில், சுற்றிவர ஆளில்லை. மோதிரத்தை மூன்று கிழமையாக முதுகுப்பையில் காவித் திரிந்ததாக அவரே பிறகு பேட்டியில் சொன்னார். நவம்பர் 16ஆம் திகதி அறிவிக்கும்வரை வெளியே எவருக்கும் தெரியாது. மோதிரம் 1981இல் டயானாவுக்குப் போட்டது. நடுவில் 12 கரட் நீலக்கல், அது இலங்கைக் கல் என்றே நகைத்துறையில் சொல்லப்படுகிறது. உலகத்திலேயே அதிகம் படம் பிடிக்கப்படுகிற ஒரு குடும்பத்தவர், ஒருவரும் படம் பிடிக்காத இடத்தைத் தேடிப் போனார் என்பதை மகனிடம் அழுத்திச் சொன்னேன்.

"அப்ப கென்யாவுக்குப் போகச் சொல்லுறீங்களோ அம்மா? இத்தாலிக்கு ரிக்கற் எடுத்தாச்சு."

"வெரோனாவிலையே வேறை இடம் இருக்கு தம்பி" என்றேன்.

ஜூலியற் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அடீஜெ ஆறு. அதன்மேல் பொந்தே பியெத்ரா, கல்பாலம் என்று பொருள். கிறிஸ்துவுக்கு முன் ரோமர் கட்டியது. ஐந்து வளைவுகள். வெள்ளத்தில் இடிந்து, பிற்காலத்தவர் திருத்தி, ஒரு பக்கம் வெள்ளைக் கல்லும் மறுபக்கம் செங்கல்லுமாக ஒட்டுப்போட்ட சேலைபோல் நிற்கிறது. 1945 ஏப்பிரல் கடைசியில், தோற்றுப் பின்வாங்கிய யேர்மன் படை வெரோனாவின் பாலங்களை எல்லாம் குண்டுவைத்துத் தகர்த்தது. இந்தப் பாலமும் ஆற்றுக்குள் விழுந்தது. போர் முடிந்தபின் கொங்கிறீற்றில் ஒரு புதுப் பாலம் போட்டிருக்கலாம், செலவும் குறைந்திருக்கும். அந்த ஊர்க்காரர் ஆற்றுக்குள் இறங்கிக் கல்லுகளைத் தேடி எடுத்தார்கள். பழைய படங்களை வைத்து எந்தக் கல் எங்கே இருந்தது என்று பார்த்துப் பார்த்து, 1957இலிருந்து 1959 வரை வேலை செய்து, விழுந்த கல்லுகளைக் கொண்டே திரும்பக் கட்டினார்கள்.

மாடத்தைப் பார்த்து அரை நிமிடத்தில் திரும்பிய என் கணவர், இந்தப் பாலத்தில் ஒரு மணித்தியாலம் நின்றார். ஆனையிறவுப் பாதை மூடியிருந்த காலத்தில் இரவில் கிளாலிக் கடலைப் படகில் கடந்து வந்தவர் அவர். கைபிடிச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பாலத்துக்குப் போ, விடிகாலையில் போ, சனம் வருமுன் போ, அவள் யோசிக்கவேண்டும் என்றால் யோசிக்க விடு என்று மகனுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, என் வயிற்றெரிச்சலையும் சேர்த்துக் கொட்டினேன். "என்னை ஒருத்தரும் இப்பிடி ஓரிடத்திலையும் வைச்சுக் கேட்கேல்லை, நீயாவது ஒழுங்காய்ச் செய்."

எங்கள் கலியாணம் 1998இல். எங்களில் பலருக்கு நடந்த மாதிரித்தான். அவரிடம் இருந்தது நீல மட்டை அகதிப் பயணப் பத்திரம், இலங்கை தவிர எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று எழுதியது. அவர் ஊருக்கு வரமுடியாது, எனக்கு லண்டன் விசா இல்லை. ஆகவே மூன்றாவது நாடு. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கலியாணச் சட்டத்துக்குத் தப்பி, ஸ்கொட்லாந்து எல்லையைத் தாண்டிய உடனே வருகிற கிறெற்னா கிறீன் என்ற கிராமத்துக்குக் காதலர்கள் ஓடினார்கள். 1754இலிருந்து 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது இங்கே சட்டம், அங்கே அப்படியில்லை. அவர்கள் பெற்றோருக்குப் பயந்து எல்லை தாண்டினார்கள், நாங்கள் பெற்றோர் சொல்லி எல்லை தாண்டினோம். சென்னை, திருச்சி, பாங்கொக், கோலாலம்பூர் என்று எங்கள் தலைமுறையின் கிறெற்னா கிறீன்கள் பல. எனக்குச் சிங்கப்பூர். சிலோன் வீதியில், எங்கள் ஊரிலிருந்து போன பழைய சனம் வளர்த்த செண்பக விநாயகர் கோயிலில் தாலி கட்டு என்று முடிவாகியிருந்தது.

வெள்ளவத்தை லொட்ஜில் மூன்று மாதம் காத்திருந்து, அம்மாவோடு சிங்கப்பூரில் இறங்கினேன். படத்தில் பார்த்தவரை விமான நிலையத்தில் முதல்முறை நேரில் பார்த்தேன். படத்தைவிட மெலிவு. மூன்றாம் நாள் கலியாணம். கூறைச்சேலை வாங்கியாயிற்று, கோயிலுக்குக் காசு கட்டியாயிற்று, லண்டனில் மண்டபமும் சொல்லியாயிற்று. என்னைக் கேட்க என்ன இருந்தது?

மகன் ஜூனில் போய்வந்தான். காலை ஐந்தரை மணிக்குப் பாலத்தில் வைத்துக் கேட்டிருக்கிறான். பெட்டை ஆற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் பேசாமல் நின்றுவிட்டு, எனக்குப் பசிக்கிறது, சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாளாம். கடை திறக்கிறவரைக்கும் அவனுக்கு உயிர் போய் வந்திருக்கிறது. இரண்டு வீடும் கதைத்து முடிந்து, பிள்ளைகள் இருவரின் அனுமதியோடும்தான் இதை ஒலிவாங்கிக்கு முன்னால் சொல்கிறேன்.

அவர்கள் இருவரும் வீட்டுக்கு வந்திருந்த அன்று, நான் மறுபடியும் என் பழைய பல்லவியைத் தொடங்கினேன். சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கணவர் தலையை நிமிர்த்தினார்.

"நான் கேட்டனான்" என்றார்.

"எங்கை கேட்டனீங்கள்?"

"சிங்கப்பூரிலை. செரங்கூன் வீதியிலை, கூறைக்கடைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலை."

எனக்கு அப்போதுதான் அந்த மேசை ஞாபகம் வந்தது. கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம். அம்மாவும் அவருடைய அக்காவும் கடைக்குள் சரிகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகர மேசை, பிளாஸ்ரிக் கதிரை, மேலே காற்றாடி, வெக்கை. அவர் தன் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னை நேரே பாராமல் சொன்னார். "உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் இப்ப சொல்லுங்கோ. என்னிலை பிழை எண்டு சொல்லி நான் வீட்டுக்குச் சமாளிக்கிறன். ரிக்கற் காசைப் பற்றி யோசிக்காதையுங்கோ." அன்றைக்கு நீங்கள். தாலி கட்டிய மறுநாளிலிருந்து நீர்தான்.

நான் என்ன சொன்னேன் என்று பெட்டை கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தேத்தண்ணி குடிப்பமா என்று கேட்டேன், அவர் எழும்பிப் போய் வாங்கிவந்தார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அதை நான் வேறு கணக்கில் எழுதி வைத்திருந்திருக்கிறேன்.

மகன் கைத்தொலைபேசியை எடுத்து, அது எந்தக் கடை, வீதியில் எந்தப் பக்கம், தேடிப் பார்க்கலாமா என்று தகப்பனை விடாமல் கேட்டான். கடையின் பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. தேத்தண்ணி ஒன்று எழுபது சதம், இரண்டாவதுக்குச் சீனி கூடிப்போயிற்று என்பது மட்டும் ஞாபகம்.